சத்தம் போடாத ஓர்தினாத்தேர்

புதுச்சேரி அமைதியான ஊர் என்று சென்னைக்காரர்கள் நம்புகிறார்கள். சனி, ஞாயிறு ஆனால் ஈ.ஸி.ஆர். வழியாகக் காரில் வந்து இறங்கி, சாயங்காலம் வண்டிகளை நிறுத்திவிட்ட பீச் ரோடில் நடந்து, "ஆஹா, என்ன ஒரு நிசப்தம்!" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். அவர்களில் ஒருத்தரை ராத்திரி பத்தரை மணிக்கு முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார வைக்க ஆசை. கம்ப்யூட்டரை ஆன் செய்தால் மாவு மில் கிளம்புகிற மாதிரி இருக்கும்.

2016-ல் வாங்கியது. இன்டெல் ஆறாவது தலைமுறை சிப், 8 ஜி.பி. ராம், 1 டி.பி. ஹார்ட் டிஸ்க். ஆபீஸ் விட்டு வந்த பிறகு இரண்டு மூன்று கடைகளுக்கு டாலியில் கணக்கு எழுதுகிறேன். மாசக் கடைசியில் பன்னிரண்டு மணி வரை ஓடும். (எழுதுவது நான், ஓடுவது அது.)

சென்ற மாதம் வரை யாருக்கும் ஆட்சேபணை இல்லை. வீட்டில் ஒரு கூடம், ஒரு அறை. அறையில் மனைவியும் கைக்குழந்தையும். அப்பா மொட்டை மாடியில் படுப்பார். அவருக்கு நெஞ்சு வலி வந்து, பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தார். 'படி ஏறக் கூடாது, நன்றாகத் தூங்க வேண்டும்' என்று டாக்டர் உத்தரவு. கட்டில் கூடத்துக்கு வந்தது. கம்ப்யூட்டருக்கும் அவர் தலைமாட்டுக்கும் ஆறடி.

"சத்தம் தொந்தரவா இருக்காப்பா?"

"சேச்சே! நீ வேலையைப் பாரு. மழை பெய்யற மாதிரி சுகமாத்தான் இருக்கு."

ஆனால் மழை நின்ற பிறகுதான் அவர் கண்ணை மூடுகிறார் என்பதை நாலு ராத்திரி பார்த்துவிட்டேன். வேலையை விடவும் முடியாது. மாத்திரைச் செலவே அந்தக் கணக்குப் பணத்தில்தான் நடக்கிறது.

மனைவி பட்ஜெட் தாக்கல் செய்தாள். "இருபத்தஞ்சாயிரம். அதுக்கு மேல ஒத்த ரூபா கிடையாது. இன்னொண்ணு, அடுத்த அஞ்சு வருஷத்துக்குக் கம்ப்யூட்டர் செலவுன்னு வாயைத் திறக்கக் கூடாது."

கம்ப்யூட்டர் உலகில் இந்த இரண்டாவது ஷரத்துக்கு 'ஃப்யூச்சர் ப்ரூஃப்' என்று பெயர்.

பக்கத்து வீட்டு சொல்தா தாத்தாவிடம் புலம்பினேன். பிரெஞ்சு ராணுவப் பென்ஷன்காரர். கம்ப்யூட்டரை அவர் 'ஓர்தினாத்தேர்' என்றுதான் சொல்வார். 1955-ல் ஐ.பி.எம்.மின் பிரான்ஸ் கிளை, இந்த மெஷினுக்குப் பிரெஞ்சில் என்ன பெயர் வைக்கலாம் என்று ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியரைக் கேட்டது. உலகத்தை ஒழுங்குபடுத்தும் கடவுளைக் குறிக்கிற பழைய சொல்லைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார் அவர். "கடவுள் சத்தம் போடறதில்லையேப்பா" என்றார் தாத்தா.

சரி, முதலில் சத்தம். செலவே இல்லாத வேலை ஒன்று உண்டு. கேபினெட்டின் பக்கத்து மூடியைக் கழற்றிவிட்டு, கையை உள்ளே விடாமல் காதை மட்டும் கொடுங்கள். எது அதிகம் கத்துகிறதோ அதை முதலில் கவனிக்க வேண்டும். ஏனென்றால் டெசிபெல் கணக்கு நம் கூட்டல் கணக்கு மாதிரி இல்லை. ஒரே அளவு கத்தும் இரண்டு ஃபேன்களில் ஒன்றைப் பிடுங்கிவிட்டாலும் 3 டெசிபெல்தான் குறையும். நம் காதுக்குப் பாதியாகக் கேட்க வேண்டுமானால் சுமார் 10 குறைய வேண்டும். ஆனால் ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் சுமார் 15 டெசிபெல் இறங்கிவிடும். அதனால்தான் 80 மில்லிமீட்டர் குட்டி ஃபேன் தலைதெறிக்கச் சுற்றுவதைவிட, 120 மில்லிமீட்டர் பெரிய ஃபேன் தேர் மாதிரி நிதானமாகச் சுற்றுவது நல்லது. காற்றும் குறையாது, கத்தலும் இருக்காது.

அடுத்தது ஹார்ட் டிஸ்க். உள்ளே தட்டு நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிறது. அந்த அதிர்வு மேஜைக்குப் போனால் மேஜையே மிருதங்கம். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுகிற சமாசாரமே கிடையாது. வேகமும் பல மடங்கு. பழைய டிஸ்க்கை எறிய வேண்டாம். ஒரு யு.எஸ்.பி. பெட்டிக்குள் போட்டு, குழந்தை ஃபோட்டோக்களைக் காப்பி செய்து பீரோவில் வைத்துவிடலாம்.

எங்கள் ஊருக்கு ஸ்பெஷலாக உப்புக் காற்று வேறு. ஜன்னல் பக்கம் கேபினெட் வைக்கக் கூடாது. மாசத்துக்கு ஒரு தரம் தூசி ஊத வேண்டும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும். சத்தம் கேட்காமலிருக்க மர அலமாரிக்குள் வைத்து மூடுகிறவர்கள் உண்டு. சூட்டில் ஃபேன் இன்னும் வேகமெடுத்து அலமாரியோடு சேர்ந்து கத்தும்.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டிருப்பேன். விண்டோஸ் விடவில்லை. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு மைக்ரோசாஃப்ட் சலாம் போட்டுவிட்டது. பதிவு செய்துகொள்கிறவர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் இன்னொரு வருஷம் என்று அறிவித்தார்கள். விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாவது தலைமுறையிலிருந்துதான் அனுமதி. நம்முடையது ஆறு. பிரவுசிங், சினிமா, லெட்டர் டைப் அடிப்பது மட்டும்தான் என்றால் லினக்ஸைப் போட்டுப் பழைய மெஷினையே ஓட்டலாம், நயா பைசா செலவில்லை. டாலியை நம்பிப் பிழைக்கிறவனுக்கு விண்டோஸ்தான் வசதி.

ஆக, புது போர்டு, புது சிப். கடைப் பையன் ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 சாக்கெட்டைக் காட்டினான். நல்ல சாமான்தான். 2016-ல் வந்த ஏ.எம்.4-க்கு 2024-ல்கூடப் புது சிப் வந்தது. 2022-ல் வந்த ஏ.எம்.5-க்கு 2027 வரையும் அதற்கப்பாலும் ஆதரவு என்கிறது கம்பெனி. ஆனால் அதற்கு டி.டி.ஆர்.5 ராம்தான் சேரும். 2025 கடைசியில் ஏ.ஐ. சர்வர்களுக்காக மெமரி சிப்பையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்களா, ராம் விலை தங்கத்தோடு போட்டி போட ஆரம்பித்துவிட்டது.

என் பழைய மெஷினில் இருப்பது டி.டி.ஆர்.4. (உங்கள் மெஷினைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஆறாவது தலைமுறையில் சில போர்டுகள் டி.டி.ஆர்.3.) இன்டெல் 12-வது தலைமுறை சிப்புகளுக்கு டி.டி.ஆர்.4 போர்டு உண்டு. ஆகவே பழைய ராமை வனவாசம் அனுப்பாமல் புது போர்டில் பட்டாபிஷேகம்! இரண்டு ஸ்லாட்டில் ஒன்று காலி. விலை இறங்குகிற அன்று இன்னொரு 8 ஜி.பி. நாளைக்கு வேகம் போதாவிட்டால் 14-வது தலைமுறை ஐ5 வரை அதே சாக்கெட்டில் உட்காரும். இன்றைக்கே விலை உயர்ந்ததை வாங்கிப் பூட்டி வைப்பதைவிட, நாளைக்கு வருவதற்கு இடம் விட்டு வைப்பதுதான் எனக்குத் தெரிந்த ஃப்யூச்சர் ப்ரூஃப்.

திட்டம் தயார். இந்த மாசம் எஸ்.எஸ்.டி.யும், 120 மில்லிமீட்டர் ஃபேன் வைத்த கூலரும். கூலர் 12-வது தலைமுறைக்கும் பொருந்துமா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். அடுத்த மாசம் ஐ3 சிப், போர்டு. கிராஃபிக்ஸ் சிப்புக்குள்ளேயே இருப்பதால் தனிக் கார்டு வேண்டாம். ஒரு ஃபேன் மிச்சம். மானிட்டர், கீ போர்டு, கேபினெட் எல்லாம் பழசே. கேபினெட் காலுக்கடியில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிப் போட்டாயிற்று.

லிஸ்ட்டைப் படித்த கடைப் பையனுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை.

"ஒரு கலர் லைட்டாவது போடுங்க சார். சத்தமும் இல்லாம, லைட்டும் இல்லாம, கம்ப்யூட்டர் ஓடுதுன்னு எப்படி சார் தெரியும்?"

"தெரியக் கூடாதுங்கிறதுக்குத்தான் தம்பி, இருபத்தஞ்சாயிரம்!"