கைவேலைப் பக்கம்: பழைய சட்டையில் ஒரு பூனை



சென்ற இதழில் கழன்ற தெறியைத் திரும்பத் தைப்பது பற்றி எழுதியிருந்தோம். "தெறி தைக்க எங்களுக்கும் தெரியும், பூவேலை சொல்லித் தாருங்கள்" என்று சில சகோதரிகள் கேட்டிருந்தார்கள். நாங்களும் தையல் படித்துச் சான்றிதழ் எடுத்தவர்கள் அல்ல. கிழமை முழுவதும் தொழிற்சாலையில் நின்றுவிட்டு, சனிக்கிழமை பிள்ளைகளைத் தமிழ்ப் பாடசாலையில் விட்டபின், பக்கத்து அறையில் இரண்டு மணித்தியாலம் ஊசியோடு இருப்பவர்கள். அங்கே பழகியதைத்தான் எழுதுகிறோம்.

கடையில் படம் போட்ட சட்டை மலிவாகக் கிடைக்கும்போது இந்த மினக்கேடு எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் வட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். ஒரு தாய் புறொக்கியில், அதுதான் பழைய சாமான் கடையில், மகளுக்கு ஒரு நீலச் சட்டை வாங்கினார். நல்ல பருத்தித் துணி, கிழிசல் இல்லை. உடுத்துக்கொண்டு போன முதல் நாளே வகுப்பில் ஒரு பிள்ளை, "இது என்னுடைய பழைய சட்டை" என்று சொல்லிவிட்டது. சின்ன ஊர், அப்படி நடக்கும். அந்தப் பிள்ளை கெட்ட எண்ணத்தில் சொல்லவுமில்லை. ஆனால் மகள் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே எறிந்துவிட்டாள். தாய் அவளைப் பேசவில்லை. எங்களில் சிலர் 2009 இல் வவுனியா முகாம்களில், யாரோ கொடுத்த உடுப்பை வரிசையில் நின்று வாங்கி உடுத்தவர்கள். அந்தக் கூச்சம் எங்களுக்கும் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை சட்டை எங்கள் மேசைக்கு வந்தது. மல்லிகைக் கொடி போடலாம் என்று நாங்கள் சொன்னோம். மகளைக் கேட்டால் "பூனை" என்றாள். இரண்டு சனிக்கிழமையில் தாய் பூனையைத் தைத்து முடித்தார். திங்கட்கிழமை மகள் அதே சட்டையோடு போனாள். சட்டை புதிதாகிவிடவில்லை. அது யாருடையதாக இருந்தது என்பதும் வகுப்புக்குத் தெரியும். ஆனால் கேட்டால் சொல்ல அவளிடம் ஒன்று இருந்தது: "பூனை அம்மா தைத்தது."

இந்த முறை அந்தப் பூனையையே பழகுவோம். மூன்று தையல் தெரிந்தால் போதும்.

தேவையானவை

இழுபடாத பருத்திச் சட்டை ஒன்றை எடுங்கள். ரீசேட் துணி இழுபட்டுச் சுருங்கும், முதல்முறை வேண்டாம். தைக்கமுன் சட்டையை ஒருதரம் தோய்த்து அயன் பண்ணுங்கள். சுருங்குவதானால் இப்போதே சுருங்கட்டும்.

பூவேலை நூல் ஒரு கட்டு 8 மீற்றர் வரும். அதில் ஆறு இழை இருக்கும். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை ஒரு துண்டு வெட்டி, அதிலிருந்து இரண்டு இழை மட்டும் எடுங்கள். ஒவ்வொரு இழையாக மேலே இழுத்தால் சிக்காது. இரண்டையும் சேர்த்து இழுத்தால் சிக்கும். ஊசி கூர் உள்ளதாகவும் காது நீளமானதாகவும் இருக்கட்டும், 7 அல்லது 8 இலக்கம் போதும். துணியை இறுக்கிப் பிடிக்க 12 சென்ரிமீற்றர் அளவில் ஒரு மரவளையம். தைத்து முடிந்ததும் வளையத்தைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் துணியில் வட்டமாக அடையாளம் விழும்.

சிவப்பு, கறுப்பு நூல்களைத் தைக்கமுன் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்த நூல் வேண்டாம்.

படம் வரைதல்

பிள்ளையின் கதைப்புத்தகத்தைப் பார்த்து, ஆறு சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரு பூனையின் வெளிக்கோட்டை மட்டும் தாளில் வரையுங்கள். பகலில் தாளை யன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே சட்டையைப் பிடித்தால் கோடு தெரியும். பென்சிலால் மெல்லமாக வரையலாம். கடும் நிறத் துணிக்கு வெள்ளைப் பென்சில். தண்ணீரில் அழியும் பேனா பாவித்தால், தோய்த்துக் கோடு போனபிறகே அயன் பண்ணுங்கள். சூடு பட்டால் கோடு நின்றுவிடும்.

பொக்கற்றில் தைப்பதானால் உள்ளே ஒரு மட்டையை வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பொக்கற் வாயில்லாமல் போய்விடும்! கறை இருந்தால் அதன் மேலேயே பூனையை இருத்தலாம். ஓட்டை இருந்தால் முதலில் உட்பக்கம் ஒரு துண்டுத் துணியை வைத்துத் தைக்க வேண்டும்.

தையல்கள்

ஒன்று, காம்புத்தையல். பூனையின் வெளிக்கோடு இதுதான். இடமிருந்து வலம் போங்கள். இடக்கைக்காரர் வலமிருந்து இடம் போகட்டும். முடிச்சுப் போடாமல் பின்னால் ஒரு விரல் நீளம் நூலை விட்டு, ஊசியைக் கோட்டில் மேலே எடுங்கள். அரைச் சென்ரிமீற்றர் தள்ளிக் கீழே இறக்குங்கள். நூலை முழுதாக இழுக்கமுன், இரண்டுக்கும் நடுவில் ஊசியை மேலே எடுத்து இழுங்கள். நூல் எப்போதும் கோட்டின் ஒரே பக்கத்தில் கிடக்க வேண்டும். மாறினால் கயிறு முறுக்கியது போல வராது. வால் வளைவில் தையலைச் சின்னதாக்குங்கள். காது நுனியில் நூலைக் கீழே இறக்கி முடித்து, மற்றப் பக்கத்தைப் புதிதாகத் தொடங்கினால்தான் கூர் வரும்.

இரண்டு, நேர்த்தையல். இது மீசைக்கு. மேலே எடுத்துக் கீழே இறக்கினால் ஒரு மயிர். ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் வேண்டாம், பிள்ளையின் விரல் கொளுவும்.

மூன்று, முடிச்சுத்தையல். இது கண்ணுக்கு. ஊசியை மேலே எடுத்து, நூலை ஊசியில் இரண்டு முறை சுற்றுங்கள். மேலே வந்த துளையில் அல்ல, அதற்கு ஒட்டினாற்போல் பக்கத்தில் இறக்குங்கள். அதே துளையில் இறக்கினால் முடிச்சும் சேர்ந்து பின்னால் போய்விடும். இறக்கும்போது மற்றக் கையால் நூலை இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

பூனையின் உடம்பை நூலால் நிரப்ப ஆசை வரும். முதல் சட்டையில் அது வேண்டாம். நீள நூல்கள் தோய்க்கத் தோய்க்கத் தொங்கும்.

முடிவில் நூல் நுனிகளைப் பின்பக்கத் தையல்களுக்குள் ஓட்டி வெட்டுங்கள். தோல் அராத பிள்ளைக்கு இது போதும். அராவினால் உட்பக்கம் மெல்லிய பருத்தித் துண்டு ஒன்று வைத்துத் தையுங்கள். தோய்க்கும்போது உட்பக்கத்தை வெளியே திருப்பி 30 பாகையில் போடுங்கள். அயன் பண்ணும்போது பூனையை ஒரு துவாயின் மேல் குப்புறப் போடுங்கள்.

இந்த மண்ணின் பூவேலை

நாங்கள் இருக்கும் சென்ற்காலன் பகுதி பூவேலைக்குப் பேர்போன இடம். 1910 அளவில் சுவிஸ் ஏற்றுமதியில் முதலிடம் பூவேலைத் துணிக்குத்தான். கையால் இயக்கும் இயந்திரத்தில் இடக்கையால் படத்தின் கோட்டைத் தொடர்ந்தபடி வலக்கையால் சக்கரத்தைச் சுற்றியவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். ஆகவே வீட்டில் உள்ள சகோதரர்கள் சிரிக்க வேண்டாம், நீங்களும் ஊசி எடுக்கலாம்!

அந்த இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான ஊசிகள். அவற்றுக்கு நூல் கோர்த்தவர்கள் பெண்களும் பிள்ளைகளும். 1877 இல் வந்த சட்டம் 14 வயதுக்குக் குறைந்தவர்களைத் தொழிற்சாலை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. வீட்டுக் கீழறையில் ஓடிய இயந்திரத்தை அந்தச் சட்டம் தொடவில்லை. அங்கே பிள்ளைகள் பாடசாலைக்கு முன்னும் பின்னும் நூல் கோர்த்தார்கள். இயந்திரத்தின் நேரத்துக்கு எழும்பிப் படுக்கும் எங்களுக்கு இது பிறத்தியார் கதையாகத் தெரியவில்லை.

இரவு வேலை முடித்து வந்த கண்ணுக்கு ஊசிக்காது தெரியாது. பிள்ளையைக் கூப்பிட்டால் ஒன்றிரண்டு கோர்த்துத் தரட்டும், பிறகு விளையாட விடுங்கள். நாளுக்கு அரை மணித்தியாலம், யன்னல் வெளிச்சத்தில் தைத்தால் போதும்.

நீங்கள் தைத்ததைப் படம் எடுத்து அனுப்புங்கள், கோணலாக வந்தாலும் பரவாயில்லை. அடுத்த இதழில் கம்பளித்தையலால் ஓரம் கட்டுவது பற்றிப் பார்ப்போம். எழும்பமுன் ஊசிகளை எண்ணி மெத்தைத் துண்டில் குத்தி வையுங்கள். சின்னப் பிள்ளைகள் தவழும் வீடு.