இருவாச்சிக்கு அறை வாடகை தெரியாது

லங்காவி என்றதும் நம்மில் பலருக்கு வரியில்லாச் சாக்லேட்டும் கழுகுச் சிலையும்தான் நினைவுக்கு வரும். ஆனால், தீவின் வடமேற்கு மூலையிலுள்ள டத்தாய் விரிகுடாவில் 1993இல் திறக்கப்பட்ட சொகுசு விடுதிக்கு வருவோர் கடலுக்காக மட்டும் வருவதில்லை. மழைக்காட்டு உயிர்களைப் பார்க்கவே வருவோரும் உண்டு. ஓர் இரவு வாடகை ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். அந்தப் பணத்துக்கு நமக்கு என்ன கிடைக்கிறது, காட்டுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்பது அறிவியல் படித்தவர்களின் கடமை.

முதலில், அங்கே இருப்பவற்றைப் பார்ப்போம். லங்காவியில் மூன்று வகை இருவாச்சிகள் வாழ்கின்றன. மாலை மங்கியதும் மலாயில் குபுங் எனப்படும் விலங்கு மரத்துக்கு மரம் மிதந்து செல்லும். கழுத்திலிருந்து வால்வரை விரியும் தோல்தான் அதன் பாய்மரம். 'பறக்கும் லெமூர்' என்று அழைக்கப்பட்டாலும் அது பறப்பதும் இல்லை, லெமூரும் இல்லை. ஆனாலும் குரங்கினத்துக்கும் நமக்கும் மிக நெருங்கிய உறவு. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட லோத்தோங் குரங்குகளும் உண்டு.

இவை விடுதியின் உபசரிப்பால் வந்தவை அல்ல. இருவாச்சியால் மரத்தைத் துளைத்துப் பொந்து செய்ய முடியாது. வயதான பெருமரங்களில் இயற்கையாக உண்டான பொந்தைத்தான் அது தேட வேண்டும். பெண் பறவை உள்ளே புகுந்து, சிறு பிளவு மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்ளும். ஆண் பறவை வாரக்கணக்கில் பழம் கொண்டுவந்து ஊட்டும். பெருமரம் விழுந்தால் அந்தக் குடும்பமே இல்லை.

இதை உணர்ந்து கட்டப்பட்ட விடுதி பாராட்டுக்குரியது. கட்டடக் கலைஞர் கெர்ரி ஹில் டத்தாய் விடுதியின் பிரதானக் கட்டடங்களைக் கடற்கரையை ஒட்டி எழுப்பாமல், உள்ளே தள்ளி மேட்டில் அமைத்தார். அதற்கு 2001இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. நிற்கும் மரமும் வருமானம் தரும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஆனால், எல்லா விடுதிகளும் அப்படி இல்லை. எனவே வசதியுள்ளவர்கள் அறை பதிவு செய்யும் முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். விலங்குகளுக்கு உணவு வைத்து வரவழைக்கிறார்களா? இரவில் கடற்கரையிலும் காட்டோரத்திலும் விளக்கு எரிகிறதா? விடுதிக்குப் பின்னால் உள்ள காடு சட்டப்படி பாதுகாக்கப்பட்டதா?

முதல் கேள்வி நமக்கும் பொருந்தும். கோல சிலாங்கூர், புக்கிட் மெலாவாத்தியில் வெள்ளி நிற லோத்தோங்குகளுக்குத் தீனி கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது நம் குடும்பங்களுக்கும் வழக்கமாகிவிட்டது. இலையைச் செரிக்க இக்குரங்குகளுக்குப் பல அறை கொண்ட இரைப்பை உண்டு. அதிலுள்ள நுண்ணுயிர்கள் இலையை நொதிக்கச் செய்கின்றன. ரொட்டியும் இனிப்பும் உள்ளே போனால் அமிலம் பெருகி வயிறு கெடும். அன்பாகக் கொடுப்பதே அவற்றுக்கு நோயாகிறது.

படிவம் இரண்டு அறிவியல் பாடம் பல்லுயிர்மையில்தான் தொடங்குகிறது. "இதையெல்லாம் பார்க்கணும்னா பணம் வேணுமே டீச்சர்" என்று மாணவர்கள் சொல்வதுண்டு. எனக்குக் கவலை தருவது இந்த எண்ணம்தான். காடு பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒரு தலைமுறை நம்பிவிட்டால், அது வெட்டப்படும்போது யார் குரல் கொடுப்பார்கள்?

மஸ்ஜித் இந்தியாவில் துணி எடுக்க வரும் நம் குடும்பங்கள் அங்கிருந்து நடந்தே புக்கிட் நானாஸ் காட்டுக்குப் போய்விடலாம். 1906இல் வனக்காப்பகமாக அறிவிக்கப்பட்ட இதில் இன்று ஒன்பது ஹெக்டேர் அளவே எஞ்சியுள்ளது; தொடக்கத்தில் இருந்ததில் ஏறத்தாழ பாதி. இங்கும் வெள்ளி நிற லோத்தோங்குகள் உண்டு. அவற்றின் குட்டிகளும் லங்காவிக் குட்டிகளைப் போலவே ஆரஞ்சு நிறத்தில் பிறந்து, சில மாதங்களில் நிறம் மாறுகின்றன. 421 மீட்டர் உயரக் கோலாலம்பூர் கோபுரத்தைக் கட்டியபோது, நூறாண்டைத் தாண்டிய ஒரு ஜெலுத்தோங் மரத்தைக் காக்க 430,000 ரிங்கிட் கூடுதலாகச் செலவிட்டார்கள். ஒரு மரத்துக்கு அத்தனை பணமா என்று கேட்பவர்களுக்கு இருவாச்சியின் பொந்துதான் பதில்.

என் கோரிக்கை இரண்டு. பல்லுயிர்மைப் பாடத்தின்போது ஒவ்வொரு பள்ளியும் மாணவர்களை ஒரு முறையாவது இத்தகைய காட்டுக்குள் அழைத்துச் செல்ல வேண்டும். காட்டைக் காட்டி வருமானம் ஈட்டும் விடுதிகள், ஆண்டில் சில நாட்களாவது அருகிலுள்ள அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இலவசமாக வாயிலைத் திறக்க வேண்டும். அங்குள்ள இயற்கை வழிகாட்டிகளின் அறிவு விருந்தினர்களுக்கு மட்டும் உரியதாக இருக்கக் கூடாது. இன்று காட்டைப் பார்க்காத பிள்ளை, நாளை அதைக் காப்பாற்ற முன்வருவான் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.