ஓடத் தெரிந்தால் மட்டும் போதுமா? நல்ல போலீஸுக்கு வேண்டிய தகுதிகள் எவை?

கொடைக்கானல் அட்டுவம்பட்டியில் 1984-ல் தொடங்கப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே மட்டுமல்ல, தமிழ்நாட்டில் எந்தக் கல்லூரி வாசலில் நின்று “அடுத்து என்னம்மா செய்யப் போறே?” என்று கேட்டாலும், டீச்சர், பேங்க் வேலையோடு “போலீஸ்” என்ற பதிலும் வரும். நல்ல கனவுதான்.

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் பெண்கள் பொதுவாக 159 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் ஓட வேண்டும். எழுத்துத் தேர்வில் பொது அறிவோடு உளவியல் கேள்விகளும் உண்டு. இதையெல்லாம் தாண்டியவர் காக்கி போடலாம். ஆனால், நல்ல போலீஸ் ஆக இது போதுமா? அதே கொடைக்கானலில் நடந்த ஒரு சம்பவத்தைப் பார்ப்போம்.

குணா குகை சொல்லும் பாடம்

2006-ல் கேரளத்தின் மஞ்ஞும்மலில் இருந்து சுற்றுலா வந்த நண்பர்களில் ஒருவர், குணா குகையில் ஆழமான பள்ளத்துக்குள் விழுந்துவிட்டார். உதவி கேட்டு ஸ்டேஷனுக்கு ஓடியபோது போலீஸார் தங்களை நம்பவில்லை, அடித்தார்கள் என்று நண்பர்கள் பின்னாளில் சொன்னார்கள். கடைசியில் கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கி மீட்டவரும் அவர்களில் ஒருவர்தான். அவருக்கு ஜீவன் ரக்ஷா பதக்கம் கிடைத்தது. 2024-ல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படம் வெளியான பிறகு ஒரு புகார் வர, போலீஸார் நடந்துகொண்ட விதம் பற்றி விசாரிக்கும்படி தமிழக உள்துறை டிஜிபிக்கு உத்தரவிட்டது.

சந்தேகப்படுவது போலீஸின் வேலை. அதில் தப்பில்லை. ஆனால், “ஃபிரெண்ட் குழிக்குள்ள விழுந்துட்டான் சார்” என்று ஒருவர் அழும்போது, சந்தேகத்தை ஒரு பக்கம் வைத்துக்கொண்டே கயிறோடு ஆளை அனுப்பலாமே? விசாரணை ஒரு மணி நேரம் கழித்தும் நடக்கும். உயிர் காத்திருக்காது. முதல் தகுதி, கேட்கிற காது. 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் மாநிலத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டதும், பெண்கள் தயங்காமல் பேச ஓர் இடம் வேண்டும் என்பதற்காகத்தான்.

இரண்டாவது, மொழி. கொடைக்கானல் போன்ற ஊருக்கு மலையாளமும் கன்னடமும் இந்தியும் பேசுபவர்கள் தினமும் வருகிறார்கள். நாலு வார்த்தை புரிந்தாலே பாதிப் பதற்றம் அடங்கிவிடும்.

சட்டம் தெரிந்தால் லத்தி எதற்கு?

மூன்றாவது, சட்ட அறிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவுப்படி, பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும். எஃப்ஐஆர் நகலை இலவசமாகத் தர வேண்டும். “இது எங்க லிமிட் இல்ல, அந்த ஸ்டேஷனுக்குப் போங்க” என்று அலைய விட முடியாது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். போலீஸிடம் கொடுத்த வாக்குமூலத்தை அவருக்கு எதிரான சாட்சியமாகப் பொதுவாகக் கோர்ட் ஏற்காது. அப்புறம் அடித்து வாங்கி என்ன பயன்? தடயம் சேகரிக்கத் தெரிந்தவருக்கு லத்தி தேவைப்படாது.

நான்காவது, எல்லாவற்றையும்விடக் கடினமானது: கூட வேலை பார்ப்பவர் தப்பு செய்தால் அதைச் சொல்லும் துணிச்சல். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு உயிரிழந்தார்கள். அதே ஸ்டேஷனின் தலைமைக் காவலர் ரேவதி, விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம், விடிய விடிய அடித்தார்கள் என்று சாட்சி சொன்னார். கையெழுத்துப் போட முதலில் பயந்தார். பிறகு போட்டார். பயம் இருந்தும் போட்டார் என்பதுதான் இங்கே முக்கியம்.

போலீஸும் மனுஷங்கதானே?

“பண்டிகை, பந்தோபஸ்துன்னு தூக்கமே இல்ல, இதுல பொறுமை எங்கிருந்து வரும்?” என்று காவலர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். காவலர்களுக்கு வார விடுமுறை தர 2021-ல் அரசாணை வந்தது. அந்த ஓய்வை உண்மையிலேயே கிடைக்கச் செய்வது அரசின் பொறுப்பு. அசதி, கோபத்துக்குக் காரணமாக இருக்கலாம். அடிப்பதற்கு அனுமதி ஆகாது.

அதனால், காக்கிக் கனவோடு காலையில் ஓடிப் பழகும் அட்டுவம்பட்டித் தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஓட்டத்தோடு இன்னொன்றையும் பழகுங்கள். பதறிப்போய்ப் பேசும் ஒருவரைக் குறுக்கிடாமல் ஐந்து நிமிடம் கேளுங்கள். கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதிப் பாருங்கள். நாளைக்கு உங்கள் ஸ்டேஷன் படியேறி வருபவருக்கு முதலில் தேவைப்படப் போவது அதுதான்.