ட்ரோன் மலிவு, தடுக்கும் ஏவுகணை காஸ்ட்லி: ஈரானின் போர்க் கணக்கு எங்கே இடித்தது?

ஈரான் விமானப்படை பல காலம் நம்பியிருந்த எஃப்-14 விமானங்கள், மன்னர் ஷா ஆட்சியில் 1970-களில் அமெரிக்காவிடம் வாங்கியவை. விற்ற அமெரிக்காவே 2006-ல் அவற்றுக்கு ஓய்வு கொடுத்துவிட்டது. ஈரானோ உதிரிபாகத்துக்கு அலைந்து அலைந்து ஓட்டியது. 1979 புரட்சிக்குப் பிறகு வந்த தடைகளால், புதுசா பெரிய அளவில் வாங்க வழியில்லை.

சரி, சமமாக மோத முடியாதவர் என்ன செய்வார்?

பதில் 1988-லேயே கிடைத்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 14 அன்று, ஈரான் வைத்த கடல் கண்ணிவெடியில் 'சாமுவேல் பி. ராபர்ட்ஸ்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் சிக்கியது. வெடியின் விலை சுமார் 1,500 டாலர். கப்பலைப் பழுதுபார்க்க ஆனது சுமார் 9 கோடி டாலர்! நான்கே நாளில் அமெரிக்கா திருப்பி அடித்தது. ஒரே நாளில் 'சஹந்த்' மூழ்கியது, 'சபலான்' முடங்கியது. பெரிய கப்பல்களை வைத்துக்கொண்டு அமெரிக்காவிடம் மோதினால் தாக்குப்பிடிக்க முடியாது என்பதும் அன்றே தெரிந்துபோனது.

அதன்பிறகு வேகப் படகு, கண்ணிவெடி, ஏவுகணை, ட்ரோன் என்று புரட்சிகரக் காவல் படை ரூட்டை மாற்றியது. 2024-ல் உலகம் பயன்படுத்திய எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஹோர்முஸ் நீரிணை வழியாகத்தான் போனது. மிகக் குறுகலான இடத்தில் அகலம் சுமார் 33 கி.மீ.தான். அதை மூடக்கூட வேண்டாம், 'மூடிடுவோம்' என்று சொன்னாலே சந்தை நடுங்கும். ஷாஹெத்-136 ட்ரோன் ஒன்று 20,000 முதல் 50,000 டாலர் வரை என்கின்றன மதிப்பீடுகள். அதை வீழ்த்த பேட்ரியாட் ஏவுகணையை விட்டால், ஒன்றுக்கே சுமார் 40 லட்சம் டாலர். அடிக்கிறவரைவிட தடுக்கிறவருக்குத்தான் செலவு. கூடவே லெபனானில் ஹெஸ்பொல்லா, ஏமனில் ஹூதிகள். சண்டை எப்போதும் அடுத்தவர் மண்ணிலேயே நடக்கும் என்பது நம்பிக்கை.

அந்த நம்பிக்கைதான் முதலில் விரிசல் விட்டது. 2024 செப்டம்பரில் ஹெஸ்பொல்லா தலைவர் நஸ்ரல்லா கொல்லப்பட்டார். டிசம்பரில் சிரியாவில் ஆசாத் ஆட்சி கவிழ்ந்தது. 2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல் நேரடியாக ஈரானையே தாக்கியது. 12 நாள் போர். ஈரான் ஏவுகணைகளால் இஸ்ரேல் நகரங்களிலும் உயிர்கள் போயின, மறுப்பதற்கில்லை. ஆனால் எதிரிக்குச் செலவு வைக்கும் இந்தக் கணக்கில், சொந்த வானத்தைக் காக்க ஒரு வரிகூட உருப்படியாக இல்லை. குண்டு விழத் தொடங்கிய பிறகுதான், மெட்ரோ நிலையங்களிலும் மசூதிகளிலும் தஞ்சம் புகலாம் என்று தெஹ்ரான் மக்களுக்கு அரசு அறிவித்தது.