குடும்பத் தலைவர் பெயர் என்ன?

மதிப்பிற்குரிய சென்னை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

நான் வடசென்னையில் முப்பது ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். காசிமேட்டு விசைப்படகுகளில் போகிறவர்களின் பிள்ளைகள், துறைமுகத்திலும் எண்ணூர் ஆலைகளிலும் கூலி வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் என்று என் வகுப்பு நிறைந்திருக்கும். அவர்களுக்கு நடுவே ஆண்டுதோறும் இரண்டு மூன்று பேராவது குழந்தைகள் இல்லத்திலிருந்து வருவார்கள். மற்ற மாணவர்கள் அவர்களை ‘ஹோம் பசங்க’ என்பார்கள். இந்த மடல் அவர்களைப் பற்றியது.

போன ஆண்டு ஒரு மாலை, என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பதினெட்டு முடிந்து இல்லத்தை விட்டு வெளியே வந்திருந்தான். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை செய்யும் நண்பர்களோடு தங்கியிருந்தான். கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. அதற்குள் டிசி, மதிப்பெண் பட்டியல், ஆதார் அட்டையின் ஜெராக்ஸ். ஆதாரில் இருந்த முகவரி, அவன் இனி திரும்பிப் போக முடியாத இல்லத்தின் முகவரி. மேலே படிக்க விரும்பினான். வருமானச் சான்றும் சாதிச் சான்றும் வேண்டும் என்றார்களாம். இருவரும் பக்கத்துத் தெரு இ-சேவை மையத்துக்குப் போனோம்.

“ரேஷன் கார்டு நம்பர் சொல்லுங்க.”

“இல்லைங்க.”

“அப்பா பேரு?”

“தெரியாதுங்க.”

“சரி, குடும்பத் தலைவர் யாருன்னாவது சொல்லுங்க.”

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கணினி முன் இருந்த பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பக்கம் திறக்காது, அவர் என்ன செய்வார்? திரும்பி நடக்கும்போது பையன் மெதுவாகச் சொன்னான்: “ஹோம்ல இருந்தவரைக்கும் இதெல்லாம் யாரும் கேக்கல சார்.”

அவன் போன பிறகு வெகுநேரம், குடும்பத் தலைவர் யார் என்ற அந்தக் கேள்வியையே நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டப்படி பார்த்தால் அதற்குப் பதில் இருக்கிறது. அவனை இல்லத்தில் சேர்க்க உத்தரவிட்டது அரசு அமைத்த குழந்தைகள் நலக் குழு. சோறு போட்டது அரசு, பள்ளியில் சேர்த்தது அரசு. பெற்றோரும் பிறப்புச் சான்றும் இல்லாத பிள்ளைக்கு வயதைத் தீர்மானிப்பதுகூட 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவின்படி நடக்கிறது. அப்படியானால் அவன் பிறந்த நாளே அரசு குறித்துக் கொடுத்ததுதான். அந்த நாளைக் குறித்த அரசே, பதினெட்டாவது முறை அது வரும்போது அவனைப் பையோடு வாசலில் நிறுத்துகிறது.

சட்டம் இதைச் சொல்லவில்லை. அதே சட்டத்தின் 46ஆம் பிரிவு, இல்லத்திலிருந்து வெளியேறும் பிள்ளைக்குப் பொருளுதவி வழங்க வழி செய்கிறது. பிற்காப்பு எனப்படும் இந்த உதவி 21 வயது வரை. தனிச் சூழ்நிலைகளில் 23 வயது வரை நீட்டலாம் என்கின்றன 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகள். பிள்ளை வெளியேறுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, அதற்குப் பின் என்ன என்ற திட்டத்தை எழுதிக் குழுவின் முன் வைக்க வேண்டும் என்பதும் அந்த விதிகளில் உண்டு. ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிற்காப்புக்கு மாதம் 4,000 ரூபாய் ஒதுக்கப்பட்டிருக்கிறது. தண்டையார்பேட்டையில் ஓர் அறை வாடகைக்கே அது சரியாகிவிடும், அட்வான்ஸுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். ஆனாலும் அந்தத் தொகை கையில் வந்தால் ஒரு பிள்ளை ஐடிஐ படிப்பை முடித்துவிடுவான்.

மற்றத் திட்டங்களும் இருக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் ஆயிரம் ரூபாய். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குக் குறைவான குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு. பலருக்கும் தெரியாத இன்னொன்றும் உண்டு. பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, கவனிக்க வேறு யாரும் இல்லாமல், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இல்லத்திலோ பள்ளியிலோ சேர்க்கப்பட்ட பிள்ளைகளைத் தமிழ்நாடு தன் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே வைத்திருக்கிறது. சாதி தெரியாத பிள்ளை இட ஒதுக்கீட்டை இழந்துவிடக் கூடாது என்று யாரோ ஒருவர் அக்கறையோடு எழுதிய வரி அது. ஓர் இல்லத்துப் பிள்ளை அந்த வரியைச் சொல்லிச் சான்று கேட்டதை என் முப்பது ஆண்டுகளில் நான் பார்த்ததில்லை. அந்தப் பிள்ளைக்கு அதைச் சொல்லத் தெரியாது. ஆசிரியனான எனக்கே அது தெரிய வந்தது ஓய்வு பெற்ற பிறகுதான். அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

திட்டங்களுக்குக் குறைவில்லை. ஆனால் பெரும்பாலானவை குடும்பம் என்ற ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டே தொடங்குகின்றன. காப்பீட்டுக்கு ரேஷன் கார்டு வேண்டும். ரேஷன் கார்டுக்கு முகவரிச் சான்று வேண்டும். முகவரிக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும். நான்கு பையன்கள் சேர்ந்து தங்கும் அறைக்கு எந்த வீட்டுக்காரரும் ஒப்பந்தம் எழுதித் தருவதில்லை. இல்லத்தில் இருந்தபோது கண்காணிப்பாளரோடு சேர்ந்து தொடங்கிய வங்கிக் கணக்கு, பதினெட்டு ஆனதும் புதிதாக ஆவணம் கேட்கிறது. ஒரு சீட்டு இல்லாததால் அடுத்த சீட்டு இல்லை, அதனால் அதற்கடுத்ததும் இல்லை.

வடசென்னையில் இதன் பொருள் என்ன என்று தங்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் இரண்டு வகை வேலை உண்டு: பேப்பர் கேட்கிற வேலை, பேப்பர் கேட்காத வேலை. பெரிய ஆலைகளுக்குள் ஒப்பந்தத் தொழிலாளியாகப் போகக்கூட ஆதார், வங்கிக் கணக்கு, இஎஸ்ஐ எண் வேண்டும். துறைமுகத்துக்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டும், அதற்குப் போலீஸ் சரிபார்ப்பு வேண்டும். பேப்பர் கேட்காத வேலை என்றால் மேஸ்திரி சொல்லும் இடத்தில் மூட்டை தூக்குவது, ராத்திரியில் பழைய இரும்பு பிரிப்பது, ஐஸ் உடைப்பது. அதில் கை நசுங்கினால் கேட்க ஆள் கிடையாது. ஏனென்றால் அந்தப் பையன் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இல்லத்துப் பிள்ளைகளில் பலர் இந்த இரண்டாம் வகைக்குள் விழுவது சோம்பலாலோ படிப்பு வராததாலோ இல்லை. பதினெட்டாம் பிறந்த நாளுக்கு முந்தைய ஆறு மாதங்களில் யாரும் செய்யாமல் விட்ட வேலைதான் காரணம்.

இதை முதலமைச்சருக்கோ துறை அமைச்சருக்கோ எழுதாமல் தங்களுக்கு எழுத ஒரு காரணம் இருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டத்தில் 2021இல் செய்த திருத்தம் 2022 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஆட்சியரின் மேற்பார்வையில் இயங்குகிறது. குழந்தைகள் நலக் குழுவின் செயல்பாட்டையும் தாங்கள்தான் ஆய்வு செய்கிறீர்கள். இன்னொரு பக்கம், சாதிச் சான்றும் வருமானச் சான்றும் தருகிற வட்டாட்சியர்கள் தங்களுக்குக் கீழே இருக்கிறார்கள். ஓராண்டு கடந்த பிறப்பைப் பதிவு செய்ய உத்தரவிடும் அதிகாரமும், 2023 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாக நடுவர்களிடமே வந்துவிட்டது. பிள்ளை யார் என்று அறிந்த அலுவலகமும், அந்தப் பிள்ளைக்குச் சான்று தர வேண்டிய அலுவலகமும் ஒரே ஆட்சியரின் கீழ் இருக்கின்றன. அப்படியிருக்க, அந்தப் பையன் ஏன் தனியாக இ-சேவை மையத்து வரிசையில் நிற்க வேண்டும்?

இந்த ஊருக்குப் பிள்ளைகளைக் காப்பதில் பெருமையான பழைய கணக்கு உண்டு. இந்தியாவில் குழந்தைகளுக்கென்று முதலில் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம், 1920இல். வங்காளமும் பம்பாயும் அதற்குப் பிறகுதான் வந்தன. ஆனால் பெருமைப்பட முடியாத கணக்கும் உண்டு. இல்லங்களில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 மே மாதம் உத்தரவிட்டது. அந்த வழக்கின் தலைப்பிலேயே ‘தமிழ்நாட்டு அனாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுதல்’ என்ற பொருளில் நம் மாநிலத்தின் பெயர் பதிந்திருக்கிறது. 2020 ஜூனில் ராயபுரம் அரசுக் குழந்தைகள் இல்லத்தில் 35 சிறுவர்களுக்குக் கொரோனா தொற்றியபோது, உச்ச நீதிமன்றமே அரசிடம் விளக்கம் கேட்டது. அந்த வாரம் நாடே ராயபுரத்தைப் பார்த்தது. அந்தச் சிறுவர்கள் இப்போது பதினெட்டைத் தாண்டிக்கொண்டிருப்பார்கள். இப்போது அவர்களை யார் பார்க்கிறார்கள்?

கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைக்கு ஒன்றிய அரசு பி.எம். கேர்ஸ் திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வைத்தது. பதினெட்டு முதல் மாத உதவி, 23 வயதில் முழுத் தொகை. பதினெட்டோடு ஒரு பிள்ளை தன் காலில் நின்றுவிட முடியாது என்று அந்தத் திட்டத்தை வகுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அப்பா அம்மா கொரோனாவில் இறந்தால் 23 வரை தாங்கும் கை, வேறு நோயில் இறந்தால் பதினெட்டில் விலகிக்கொள்வது என்ன நியாயம்? நம் மாநிலம் 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம் மாதம் 2,000 ரூபாய் தருகிறது, நல்ல திட்டம். அதுவும் பதினெட்டைத் தாண்டுவதில்லை.

இமாச்சலப் பிரதேசம் நம்மைவிடச் சிறிய மாநிலம். 2023இல் தனிச் சட்டம் இயற்றி, ஆதரவற்ற பிள்ளைகளை மாநிலத்தின் பிள்ளைகள் என்று அறிவித்து, 27 வயது வரை துணை நிற்கிறது. இங்கிலாந்தில், அரசுப் பராமரிப்பில் வளர்ந்தவருக்கு 25 வயது வரை வழிகாட்டும் ஆலோசகர் ஒருவர் உண்டு. நம் நாட்டுப் பாஸ்போர்ட் அலுவலகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்று இல்லாத ஆதரவற்ற பிள்ளைக்கு, இல்லத் தலைவர் தரும் கடிதத்தையே பிறந்த தேதிக்கான சான்றாக ஏற்பதாக 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் விதியை மாற்றியது. கடல் கடந்து போகும் சீட்டுக்கு இறங்கி வர முடிகிறது என்றால், ராயபுரத்தில் அரிசி வாங்கும் சீட்டுக்கும் முடியும்.

தங்களிடம் நான் கேட்பவை ஐந்து. பெரும்பாலானவற்றுக்குப் புதுச் சட்டமோ புதுப் பணமோ தேவையில்லை.

முதலாவது, பதினாறு வயதிலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு. பிறப்புச் சான்று, ஆதார், சாதிச் சான்று, சொந்தக் கையெழுத்தில் வங்கிக் கணக்கு, காப்பீடு. இவற்றில் எது இல்லை என்று பதினாறில் பார்த்தால் பதினெட்டுக்குள் சரிசெய்ய நேரம் இருக்கும். வாக்காளர் பெயர் சேர்க்க 17 வயதிலேயே முன்கூட்டி விண்ணப்பம் வாங்குகிறது தேர்தல் ஆணையம். அதே முறையை இதிலும் பின்பற்றலாம். பிள்ளை இல்லத்தை விட்டுக் கிளம்பும்போது அந்தக் கோப்பு கையில் இருக்கட்டும்.

இரண்டாவது, ஒரு முகவரி. 23 வயது வரை, விரும்புகிற பிள்ளைகள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தின் முகவரியைத் தங்கள் கடித முகவரியாக வைத்துக்கொள்ள ஓர் ஏற்பாடு. தனிநபர் ரேஷன் கார்டு நம் மாநிலத்தில் உண்டு. சென்னையில் அதைத் தருவது குடிமைப் பொருள் வழங்கல் துறையின் உதவி ஆணையர்கள்தான் என்பது எனக்குத் தெரியும். தங்கள் அலுவலகக் கடிதம் ஒன்று போனால் அவர்கள் மறுக்கமாட்டார்கள்.

மூன்றாவது, அந்த 4,000 ரூபாய். இரண்டு மாதங்களுக்கு முன்பே திட்டம் எழுதினால், இல்லத்தை விட்ட மாதமே முதல் தவணை வந்துவிடும். உதவி வருவதற்கு முன்னால் ஆறு மாதம் பசியோடு இருந்தவன் படிப்பை விட்டிருப்பான்.

நான்காவது, ஒரு மனிதர். பிள்ளைக்கு 23 ஆகும் வரை தொலைபேசியில் கூப்பிட ஒரு பெயரும் எண்ணும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஒரு சிறப்பு முகாம், அதில் வட்டாட்சியர், வங்கி, காப்பீடு, வேலைவாய்ப்பு எல்லாம் ஒரே கூரையின் கீழ். பெண் பிள்ளைகளுக்கு, வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதிகளில் சில இடங்களை ஒதுக்கப் பரிந்துரை. இருட்டிய பிறகு எங்கே போவது என்ற கேள்வி அவர்களுக்கு இன்னும் பெரியது.

ஐந்தாவது, ஒரு கணக்கு. ஆண்டுதோறும் சென்னை மாவட்ட இல்லங்களிலிருந்து எத்தனை பேர் பதினெட்டு முடித்து வெளியேறினார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு எந்தெந்த உதவி போய்ச் சேர்ந்தது என்று வெளியிடுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும்.

தாங்கள் அமர்ந்திருக்கும் மாளிகைக்கு, மீனவக் குடும்பத்தில் பிறந்து இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடிய சிங்காரவேலரின் பெயர். அங்கிருந்து ராயபுரம் வெகு தூரமில்லை. கடற்கரை ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன்.

இப்போது பதினேழு முடித்த பிள்ளைகள் எங்கள் பள்ளிகளில் பிளஸ் டூ வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். தேர்வு முடியும், விடுமுறை வரும், மற்றப் பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்கள். இவர்கள் யார் யார், யாருக்கு எந்த மாதம் பதினெட்டு ஆகிறது என்ற பட்டியல் தங்கள் மேற்பார்வையில் உள்ள அலுவலகத்தில்தான் இருக்கிறது. அந்தப் பட்டியலை இந்த வாரமே தங்கள் மேசைக்கு வரவழைத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
தண்டையார்பேட்டை, சென்னை.