விரலில் வெட்டு... ரத்தம் நின்றால் போதுமா?

காலை நேர அவசரம். சட்னிக்காகத் தேங்காய் மூடியிலிருந்து பத்தை கீறி எடுக்கும்போது கத்தி வழுக்கி, இடது கை ஆள்காட்டி விரலின் உட்புறத்தில் இறங்கிவிடுகிறது. குழாய்த் தண்ணீரில் காட்டி, சுத்தமான துணியைச் சுற்றி அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் பத்து நிமிடத்தில் ரத்தம் நின்றுவிடும். ‘அப்பாடா!’ என்று வேலையைத் தொடர்கிறோம்.

ரத்தம் நின்றது நல்ல விஷயம்தான். ஆனால், அந்தக் கத்தி எதையெல்லாம் கடந்து உள்ளே போனது என்பதை ரத்தம் சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள நம் உடல் எதனால் ஆனது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஒரே வேலைக்காகச் சேர்ந்திருக்கும் செல்களின் கூட்டம்தான் திசு. பிரான்ஸ் நாட்டு மருத்துவர் சேவியர் பிஷா, 1800-ம் ஆண்டு வாக்கில், மைக்ராஸ்கோப் உதவி இல்லாமலேயே 21 வகைத் திசுக்களைப் பட்டியலிட்டார். இன்றைய மருத்துவம் திசுக்களை நான்கு பெரிய குடும்பங்களாகப் பிரிக்கிறது. வெட்டுப்பட்ட அந்த ஒரு விரலிலேயே நான்கும் இருக்கின்றன.

மேலே போர்த்தும் எபிதீலியம்

தோலின் மேலடுக்கு, எபிதீலியத் திசு. இதில் ரத்தக் குழாய்கள் கிடையாது. காகித ஓரம் லேசாகக் கீறினால் எரிச்சல் இருக்கும், ரத்தம் வராதது இதனால்தான். வாய், குடல், மூச்சுக்குழாய், ரத்தக் குழாய்களின் உட்புறம் எல்லாவற்றுக்கும் இதுதான் உறை. தன்னைப் புதுப்பித்துக்கொள்வதில் கெட்டிக்காரத் திசு இது. தோலின் மேலடுக்கு ஏறக்குறைய ஒரு மாதத்தில் புதிதாகிவிடும். குடலின் உள்ளுறைக்குச் சில நாட்களே போதும். சூடான காபி பட்ட நாக்கு சீக்கிரம் சரியாவதும் இப்படித்தான்.

தாங்கிப் பிடிக்கும் இணைப்புத் திசு

கத்தி இன்னும் ஆழமாகப் போனால் உள்தோல், அதன் கீழே கொழுப்பு. பிறகு தசையையும் எலும்பையும் இணைக்கும் கயிறு போன்ற தசைநாண், அடியில் எலும்பு. எல்லாமே இணைப்புத் திசு. துணியை நனைத்த ரத்தமும் இதே குடும்பம்தான்!

ஒரே குடும்பம் என்றாலும் ஆறும் வேகம் ஒன்றல்ல. எலும்புக்கு ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால், முறிந்தாலும் சில வாரங்களில் கூடிவிடும். மூட்டுகளில் உள்ள குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய்களே இல்லை. அதனால்தான் முழங்காலில் அது தேய்ந்துவிட்டால் எளிதில் மீண்டும் வளர்வதில்லை.

விரலை மடக்கும் தசை எங்கே?

விரலை மடக்கும் தசை விரலில் இல்லை! வலது கையால் இடது முன்கையைப் பிடித்துக்கொண்டு, இடது கை விரல்களை மடக்கி நீட்டிப் பாருங்கள். முன்கையில் தசை அசைவது தெரியும். அங்கிருந்து நீண்டு வரும் தசைநாண்கள்தான் விரலை இழுத்து மடக்குகின்றன. தசைநாண் அறுந்தால், தசை அதை உள்ளங்கைப் பக்கம் இழுத்துக்கொள்ளும். நாளாக ஆக, அறுந்த இரு முனைகளையும் சேர்த்துத் தைப்பது கடினமாகிவிடும்.

விரலில் இருப்பது வேறு வகைத் தசை. ரத்தக் குழாயின் சுவரில் உள்ள மென்தசை, வெட்டுப்பட்டதும் சுருங்கி ரத்தப்போக்கைக் குறைக்கிறது. மூன்றாவது வகையான இதயத்தசையோ புதிய செல்களை மிக மிகக் குறைவாகவே உருவாக்கும். மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம் என்று டாக்டர்கள் சொல்வதன் காரணம் அதுதான்.

பொறுமையாக வளரும் நரம்பு

விரலின் இரண்டு ஓரங்களிலும் தொடு உணர்வைக் கொண்டுசெல்லும் நரம்புகள் ஓடுகின்றன. கை கால் நரம்புகள் அறுந்தாலும் மீண்டும் வளரும். ஆனால், வேகம் ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான். அதுவும், அறுந்த முனைகளைச் சேர்த்து வழி அமைத்துக் கொடுத்தால்தான் ஒழுங்காக வளரும். மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளுக்கு இந்த வாய்ப்பும் மிகக் குறைவு.

இரண்டு நிமிடப் பரிசோதனை

ரத்தம் நின்றதும் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

1. வெட்டுக்கு மேலே, விரல் நுனியின் இரண்டு ஓரங்களையும் மெதுவாகத் தொடுங்கள். மற்ற கை விரலைப் போலவே உணர்வு இருக்கிறதா?

2. நடு மூட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, நுனியை மட்டும் மடக்குங்கள். விரலை மடக்க இரண்டு தசைநாண்கள் உண்டு. ஒன்று அறுந்தாலும் மற்றொன்று விரலை ஓரளவு மடக்கிவிடும், நாமும் ஏமாந்துவிடுவோம்.

3. விரலை முழுதாக நீட்ட முடிகிறதா?

மரத்துப்போயிருந்தாலோ, மடக்கவோ நீட்டவோ முடியாவிட்டாலோ, மடக்கும்போது வலுவில்லாமல் இருந்தாலோ, காயம் சின்னதாகத் தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பத்து நிமிடம் விடாமல் அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை என்றால் உடனே கிளம்ப வேண்டும். கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சர்க்கரை நோயால் ஏற்கெனவே விரல்கள் மரத்துப்போனவர்கள், தொட்டுப் பார்ப்பதை மட்டும் நம்பாமல் காயத்தை டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

காபித்தூள், மஞ்சள்தூள், சர்க்கரை எதையும் காயத்தில் அப்ப வேண்டாம். அவை காயத்தின் ஆழத்தை மறைக்கும், கிருமியையும் உள்ளே கொண்டுபோகும். ஓடும் தண்ணீரும் சுத்தமான துணியும் போதும்.

மேல்தோல் தானாகவே மூடிக்கொள்ளும். ஆனால், உள்ளே அறுந்த தசைநாணும் நரம்பும் அந்தத் தோலுக்கு அடியில் மறைந்துவிடும். துணியைக் கட்டும் முன் விரலை ஒருமுறை மடக்கிப் பார்த்துவிடுங்கள்.