தடுப்பூசித் தீங்கும் அரசின் கடனும்

நெய்வேலி மக்களுக்கு இழப்பீட்டு வழக்கு புதிதன்று. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்று 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் எழுந்தது முதல், சுரங்கத்துக்காக நிலத்தைக் கொடுத்துவிட்டுப் பெயர்ந்த குடிகள் இங்கே ஏராளம். கொடுத்த தொகை போதுமா என்ற வழக்கு இன்றளவும் ஓயவில்லை. ஆயினும் கொடுக்கத்தான் வேண்டும் என்பதை அறத்தளவில் யாரும் மறுத்ததில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்றுக் கால்வாய்ப் பணிக்காகக் கதிர்விடும் பருவத்து நெற்பயிரின்மீது மண்வாரி இயந்திரங்கள் ஏறியபோது, அந்நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்று நிறுவனம் வாதிட்டது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்கச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது.

சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் உழைப்போரின் நிலையும் இதுவே. 2020 ஜூலை முதல் நாள் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் பகுதி வெடித்து ஆறு தொழிலாளர்கள் அன்றே மாண்டனர். தீக்காயங்களுடன் மருத்துவமனை சென்றவர்களில் மேலும் சிலர் பின்னர் இறந்தனர். இத்தகைய சாவுகளில், முதலாளியின் பிழையை மெய்ப்பித்தால்தான் பணம் என்று நம் சட்டம் சொல்வதில்லை. பணியின்போது, பணியின் காரணமாக நேர்ந்த தீங்கு என்றால் இழப்பீடு உண்டு என்பது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வகுத்த நெறி. ஆபத்தான தொழிலால் பயன்பெறுவோர் அதன் தீமையையும் சுமக்க வேண்டும் என்ற எளிய நீதியே அதன் அடித்தளம்.

இவ்வாறு நிலத்துக்கும் பயிருக்கும் உழைக்கும் கைக்கும் இழப்பீடு கண்ட இதே மண்ணில், ஒரு குழந்தைக்கோ தாய்க்கோ தடுப்பூசியால் கடுந்தீங்கு நேருமாயின் சட்டம் என்ன தருகிறது? நாட்டின் அனைத்துத் தடுப்பூசிகளுக்கும் பொதுவாக, பிழை யாருடையது என்று கேளாமல் இழப்பீடு வழங்கும் சட்டம் ஒன்றை நம் நாடாளுமன்றம் இதுவரை இயற்றியதில்லை. அனைவர்க்கும் தடுப்பூசி என்னும் பெருந்திட்டம் 1985-இல் தொடங்கியது. நாற்பதாண்டு கடந்தும் இந்தக் குறை நிற்கிறது.

தடுப்பூசியை நாம் ஐயுறவில்லை. பெரியம்மை ஒழிந்ததும், 2011 ஜனவரிக்குப் பின் இளம்பிள்ளைவாதக் கிருமியின் இயற்கைத் தொற்று இந்நாட்டில் ஒரு குழந்தையையும் முடக்காததும் தடுப்பு மருந்தின் கொடை. புதன்கிழமைதோறும் கிராம சுகாதாரச் செவிலியர் குளிர்ப்பெட்டியைச் சுமந்து செய்யும் பணிக்கு ஈடாக இந்த மாநிலத்தில் வேறொரு பொதுப்பணியைச் சொல்வது கடினம். ஆயினும் எந்த மருந்தும் முற்றிலும் தீங்கற்றதன்று. இளம்பிள்ளைவாதச் சொட்டு மருந்தே பல லட்சங்களில் ஒரு குழந்தைக்கு அதே வாதத்தைத் தரக்கூடும் என்பது மருத்துவ உலகம் நெடுங்காலமாக ஒப்புக்கொண்ட உண்மை. யாருக்கு நேரும் என்பதை முன்கூட்டி அறிய வழியில்லை. ஊரெல்லாம் நோயின்றி வாழ, ஒரு வீடு மட்டும் வாழ்நாள் முழுதும் அந்தச் சுமையைத் தாங்குகிறது. அந்தச் சுமையில் நம் பங்கை நாம் ஏற்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

கோவிட் காலத்தில் இந்த வினா உச்சநீதிமன்றத்தை எட்டியது. 2021-இல் கோவிஷீல்டு முதல் தவணைக்குப் பின் உயிரிழந்த இளம்பெண்கள் இருவரின் பெற்றோர் தொடுத்த வழக்கு அது. 2022 நவம்பரில் ஒன்றிய அரசு அளித்த பிரமாணப் பத்திரத்தைப் படித்தபோது நெஞ்சு கனத்தது. மரணங்களுக்கு வருந்துகிறோம், எனினும் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளச் சட்டக் கட்டாயம் ஏதும் இல்லை, ஆகவே இழப்பீட்டுப் பொறுப்பை அரசின்மேல் சுமத்த இயலாது, வேண்டுவோர் கவனக்குறைவைக் காட்டி உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம். அரசு கூறியதன் சாரம் இதுதான்.

கட்டாயம் இல்லை என்ற கூற்றைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். 2021 நவம்பரில் தமிழ்நாட்டில் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ், ஊசி போடாதவர் பொது இடங்களுக்குள் வருவதைத் தடுக்கும் ஆணை பிறந்தது. மகாராட்டிரத்திலும் வேறு மாநிலங்களிலும் இத்தகைய தடைகள் இருந்தன. வேலைக்குச் செல்லவும் கடைக்குள் நுழையவும் சான்றிதழைக் காட்டச் சொல்லிவிட்டு, நீதிமன்றத்தில் மட்டும் அவரவர் விருப்பம் என்பது எவ்வாறு பொருந்தும்? ஜேக்கப் புலியேல் வழக்கில் 2022 மே 2-ஆம் நாள் உச்சநீதிமன்றம், யாரையும் வற்புறுத்தி ஊசி போடலாகாது என்றும், தடுப்பூசிக்குப் பின் நேரும் பாதகங்களை மக்கள் எளிதில் பதிவு செய்ய வழி வகுக்க வேண்டும் என்றும் கூறியது. விருப்பமாகவே ஒருவர் முன்வந்தார் என்று கொண்டாலும், நாட்டின் அழைப்பை ஏற்று வந்தவருக்கு நேர்ந்த தீங்கு அவருடைய சொந்தக் கணக்கில் சேருவது எந்த நீதி?

உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்பது, பாதிக்கப்பட்டவரைக் கதவில்லாத சுவருக்கு முன் நிறுத்துவதாகும். மருந்து தரமானது, செவிலியர் முறையாகச் செலுத்தினார், மருத்துவர் உரிய காலத்தில் சிகிச்சை அளித்தார், ஆயினும் அந்த உடல் அம்மருந்தை ஏற்கவில்லை என்னும்போது கவனக்குறைவு யாருடையது? யாரும் தவறு செய்யாத இடத்தில் தவற்றை மெய்ப்பிக்கச் சொல்வது, இழப்பீடு இல்லை என்பதன் மறுபெயரே. அரிதாக உண்மையிலேயே தவறு நடந்திருந்தாலும், மருந்தின் தொகுதி எண்ணும் குளிர்பதன ஏடும் ஆய்வறிக்கையும் அரசிடமும் நிறுவனத்திடமும்தான் இருக்கும். வறிய குடும்பத்தின் கையில் ஓர் அட்டை மட்டுமே இருக்கும்.

நுகர்வோர் மன்றத்தின் வழியும் அனைவர்க்கும் ஒன்றாக இல்லை. இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்த வழக்கில் 1995-இல் உச்சநீதிமன்றம் வகுத்த விதிப்படி, எல்லோர்க்கும் இலவசமாகச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. பணி ஒப்பந்தத்தின் பகுதியாக முதலாளி செலவேற்கும் சிகிச்சை சட்டத்துக்குள் வருகிறது. இதை நெய்வேலியில் பொருத்திப் பாருங்கள். நகரியத்து நிரந்தர ஊழியரின் குழந்தை நிறுவன மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டால், அங்கே குறை நேர்ந்ததென மன்றம் ஏறி வாதிடவேனும் இடமுண்டு. நகரியச் சாலைக்கு அப்பால் முத்தாண்டிக்குப்பத்துக் கூலித் தொழிலாளியின் குழந்தை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதே மருந்தைப் பெற்றால் அந்த வாயிலும் அடைபடுகிறது. கட்டணம் வாங்கவில்லை என்பதே பொறுப்பின்மைக்குக் காரணமாகிவிடுகிறது. அந்தக் கூலித் தொழிலாளி தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் விலை கொடுக்கும்போது வரியும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்.

இழப்பீடு வழங்கினால் அரசின் கருவூலம் தாங்காது என்பர் சிலர். அரசு தன் பிரமாணப் பத்திரத்தில் தானே தந்த கணக்கைப் பார்ப்போம். 2022 நவம்பர் 19 வரை 219.86 கோடித் தவணைகள் செலுத்தப்பட்டன. பதிவான பாதகங்கள் 92,114. அவற்றுள் மரணம் உள்ளிட்ட கடும் பாதகங்கள் 2,782. பதிவாகாதவை இருக்கக்கூடும், பதிவான அனைத்தும் ஊசியால் விளைந்தவை அல்ல என்பதும் உண்மை. இரண்டையும் எண்ணிப் பார்த்தாலும், இத்தனை கோடித் தவணை மருந்து வாங்க முடிந்த நாட்டுக்கு இது தாங்கொணாச் சுமையன்று. தீங்கு அரிது என்று ஒரு நாவாலும், இழப்பீடு கட்டுப்படியாகாது என்று மறு நாவாலும் பேச முடியாது.

முன்மாதிரி தேடிக் கடல் கடக்க வேண்டிய தேவையும் இல்லை. கருத்தடை அறுவைக்குப் பின் பெண் இறந்தால் இதே சுகாதாரத் துறையே இழப்பீடு வழங்குகிறது. 2005-இல் உச்சநீதிமன்றம் இட்ட ஆணையை அடுத்து வந்த ஏற்பாடு அது. அறுவைக்குப் பின் ஏழு நாளுக்குள் மரணம் நேர்ந்தால் 2 லட்சம் ரூபாய் என அத்திட்டம் வரையறுத்தது. மோதிவிட்டு ஓடிய வண்டியை அடையாளம் காண முடியாவிட்டாலும், மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் உண்டு. கோவிட் நோயால் மாண்டவர் குடும்பங்களுக்கு 2021-இல் தலா 50,000 ரூபாய் வழங்கப்பட்டது. மருந்து இன்னும் சோதனையில் இருக்கும்போது தன்னார்வலருக்குத் தீங்கு நேர்ந்தால், 2019-ஆம் ஆண்டுப் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் 8 லட்சத்தை அடித்தொகையாகக் கொண்டு இழப்பீட்டைக் கணக்கிடச் சொல்கின்றன. அதே மருந்து ஒப்புதல் பெற்றுக் கோடிக்கணக்கானோருக்குச் செலுத்தப்படும்போது, அந்தப் பாதுகாப்பு எங்கே மறைந்தது?

பிற நாடுகள் இதை முன்பே கடந்து வந்தன. ஜெர்மனி 1961-இலும் பிரான்சு 1964-இலும் சட்டம் கண்டன. கக்குவான் தடுப்பூசி பற்றிய அச்சம் பெருகி ஊசி போடுவோர் தொகை சரிந்த காலத்தில், பிரிட்டன் 1979-இல் சட்டம் இயற்றியது. அறுபது விழுக்காட்டுக்குக் குறைந்த ஊனத்துக்கு எதுவுமில்லை என்ற அதன் கொடிய வரம்பை மட்டும் நாம் பின்பற்றலாகாது. அமெரிக்கா 1986-இல் சட்டமியற்றி, ஒவ்வொரு தவணை மருந்தின் மீதும் சிறு வரி விதித்து ஒரு நிதியம் அமைத்தது. அதிலிருந்து இதுவரை 500 கோடி டாலருக்கு மேல் வழங்கப்பட்டுள்ளது. அதனால் அங்கே தடுப்பூசித் திட்டம் சாயவில்லை. வழக்குகளுக்கு அஞ்சி உற்பத்தியை நிறுத்த முனைந்த நிறுவனங்கள் அச்சட்டத்தால்தான் நிலைத்தன.

இழப்பீடு கொடுத்தால் மக்கள் அஞ்சுவர் என்னும் வாதமே நம் அதிகாரிகளிடம் வலுவாக உள்ளது. தமிழ்நாட்டின் அனுபவம் வேறு சொல்கிறது: இழப்பீட்டுச் சட்டம் இல்லாதபோதே இங்கே அச்சம் பரவியது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட அன்றே நான்கு குழந்தைகள் மாண்டன. அதைத் தொடர்ந்து கிராமத்துக்குச் சென்று ஊசி போடும் முறை நிறுத்தப்பட்டு, தாய்மார் குழந்தைகளுடன் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு நடக்க வேண்டியதாயிற்று. 2017-இல் தட்டம்மை, ரூபெல்லா ஊசி இயக்கத்தை வாட்ஸ்அப் வதந்திகள் அலைக்கழித்தன. 2021 ஏப்ரல் 15-ஆம் நாள் ஊசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக் 17-ஆம் நாள் மறைந்தபோது மாநிலமே கலங்கியது. தேசிய அளவிலான வல்லுநர் குழு ஆராய்ந்து, அம்மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று பின்னர் அறிவித்தது. அறிவிப்பு வருவதற்குள் ஆறு மாதங்கள் உருண்டன. அதே குழு, ஊசிக்குப் பின் கடும் ஒவ்வாமையால் நேர்ந்த ஒரு முதியவரின் மரணத்தை ஊசியால் விளைந்ததென 2021-இல் ஒப்புக்கொள்ளவும் செய்தது. ஆராயும் அமைப்பும், ஆம் என்றும் இல்லை என்றும் சொல்லும் நேர்மையும் நம்மிடம் உள்ளன. ஆம் என்று சொன்ன பிறகு செய்ய வேண்டிய கடமைதான் சட்டத்தில் எழுதப்படவில்லை.

பழைய நிகழ்ச்சி ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. 1902-இல் பஞ்சாபின் முல்கோவால் சிற்றூரில் பிளேக் தடுப்பூசி போட்டுக்கொண்டோரில் பத்தொன்பது பேர் வில்வாத நோயால் இறந்தனர். மருந்தை உருவாக்கிய ஹாஃப்கின் பழி சுமந்து பதவியை இழந்தார். ஐந்தாண்டு கழித்தே குற்றமற்றவர் எனப் பெயர் மீண்டார். குப்பி கெட்டது ஆய்வகத்திலா, ஊரிலா என்ற வழக்குக்கு அத்தனை காலம் சென்றது. இன்றும் வரலாறு அந்த விஞ்ஞானியின் வழக்கையே பேசுகிறது. பழியைத் தேடும் முறையில் பாதிக்கப்பட்டவர் எப்போதும் பின்வரிசையில்தான் நிற்பார்.

2022-இல் கேரள உயர்நீதிமன்றம், கோவிட் தடுப்பூசியால் நேர்ந்த மரணங்களைக் கண்டறிந்து இழப்பீடு வழங்க நெறிமுறை வகுக்குமாறு தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு ஆணையிட்டது. 2025 பிப்ரவரியில் உச்சநீதிமன்றமும், கொள்கை ஒன்றை வகுக்க இயலுமா என ஒன்றிய அரசைக் கேட்டது. நீதிமன்றங்கள் தட்டி எழுப்பலாம். ஒரு பெருந்தொற்றுக்கு மட்டும் பரிகாரமும் காணலாம். ஆயின் பிறந்த அன்றே போடும் காசநோய்த் தடுப்பூசி முதல் பள்ளிப் பருவத்து ஊசி வரை அனைத்துக்கும் பொதுவான முறையை வகுப்பது நாடாளுமன்றத்தின் கடன்.

அச்சட்டம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஊசியால் விளைந்த தீங்கு என வல்லுநர் குழு கண்டால், பிழை யாருடையது என்ற விசாரணைக்குக் காத்திராமல் பணம் சேர வேண்டும். உறுதியாகச் சொல்ல இயலாத நிலையில் ஐயத்தின் பயன் குடும்பத்துக்கே போக வேண்டும். தீங்கைப் பதிவு செய்த அரசே தீர்ப்பையும் எழுதுவது முறையன்று. மேல்முறையீட்டுக்குத் தன்னாட்சித் தீர்ப்பாயம் மாவட்டத் தலைநகரிலேயே அமர வேண்டும். கடலூருக்குப் போய் வரும் பேருந்துக் கட்டணமே பெருஞ்செலவாக உள்ள குடும்பங்களைச் சென்னைக்கும் தில்லிக்கும் அலைக்கழிக்கலாகாது. மரணத்துக்கு ஒருமுறைத் தொகை போதும். முடங்கிய குழந்தைக்கோ வாழ்நாள் மருத்துவமும் மாத உதவியும் பராமரிக்கும் தாய்க்கு ஊதியமும் வேண்டும். நிறுவனத்தின் தவறு பின்னர் வெளிப்பட்டால் அரசு அத்தொகையை அந்நிறுவனத்திடம் வசூலித்துக்கொள்ளட்டும். இதற்கான நிதியை அமெரிக்காவைப் போல ஒவ்வொரு தவணை மருந்தின் விலையிலும் சில காசுகள் சேர்த்தே திரட்ட முடியும்.

கடலூர்த் தொகுதியின் மக்களவை உறுப்பினரும் தமிழகத்தின் ஏனைய உறுப்பினர்களும் கட்சி வேறுபாட்டை ஒதுக்கிவைத்து, வரும் கூட்டத்தொடரிலேயே இதற்கெனத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவர வேண்டும். சுகாதாரத் துறையில் நாட்டுக்கு வழிகாட்டி என்று பெருமை கொள்ளும் தமிழ்நாடு அரசும் ஒன்றியத்துக்காகக் காத்திராமல், மாநில நிதியில் ஓர் இடைக்கால ஏற்பாட்டை உடனே அறிவிக்க வேண்டும்.